விறகுக் கொட்டகையில் கிடைத்த அலுமினியம்

சாப்பாடு பார்சல் கட்டுறோமே, அந்த அலுமினியம் 1880-களில் கிட்டத்தட்ட வெள்ளி விலை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட், அதை மலிவாகப் பிரித்தெடுப்பவர் பெரும் பணக்காரர் ஆவார் என்று வகுப்பில் சொன்னார். மாணவர் சார்லஸ் மார்ட்டின் ஹால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பாக்சைட் தாதுவிலிருந்து கிடைக்கும் அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேணும். ஹால் அதை உருகிய கிரையோலைட்டில் கரைத்தார்; சுமார் 1,000 டிகிரியே போதுமானதாக இருந்தது. வீட்டு விறகுக் கொட்டகைதான் லேப். மின்சாரம் பாய்ச்சியும் முதலில் அலுமினியம் வரலை. களிமண் மூசையிலிருந்த சிலிக்கன் கலந்ததுதான் வில்லன். மூசைக்குள் கார்பன் பூச்சு கொடுத்தார். 1886 பிப்ரவரி 23: வெள்ளி நிற உருண்டைகள்! ஹாலுக்கு வயசு 22.

அதே ஆண்டு பிரான்ஸில் பால் எரூவும் தனியாக இதே முறையைக் கண்டுபிடித்து, முந்திக்கொண்டு விண்ணப்பித்தார். ஆனாலும் அமெரிக்கக் காப்புரிமை ஹாலுக்குத்தான். வேதியியல் படித்த அக்கா ஜூலியாவின் சாட்சியம் அதற்குக் கைகொடுத்தது. அவர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?