ரெயிலைத் தவறவிட்ட என்ஜினீயர்

அயர்லாந்து நாட்டில் பண்டோரன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1876-ம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு நாள் மாலை, அந்த ஊர் ரெயில் நிலையத்துக்கு ஒரு பிரயாணி வந்தார். வயது 49. முகம் நிறையத் தாடி. ரெயில் மாலை 5.35 மணிக்கு வரும் என்று கால அட்டவணையில் அச்சாகி இருந்தது. எதையும் நேரத்தோடு செய்கிறவர் அவர். ஆகவே முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்.

மணி 5.35 ஆயிற்று. ரெயில் வரவில்லை. ஆறு மணி ஆயிற்று. அப்போதும் வரவில்லை.

விசாரித்துப் பார்த்தார். விஷயம் தெரிந்தது. அந்த ரெயில் வருவது மாலை 5.35-க்கு அல்ல, காலை 5.35-க்கு! அச்சுக் கோத்தவர்கள் காலை என்று போடவேண்டிய இடத்தில் மாலை என்று போட்டுவிட்டார்கள். இங்கிலீஷில் காலைக்கும் மாலைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காக, மறுநாள் காலை வரை அவர் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

வேறு யாராவது இருந்தால் நிலைய அதிகாரியிடம் சண்டை போட்டிருப்பார்கள். விடிந்ததும் அதை மறந்திருப்பார்கள். ஆனால் அன்று காத்துக் கிடந்தவர் சாதாரணப் பிரயாணி அல்ல. கானடா நாட்டு ரெயில்வேயின் தலைமை என்ஜினீயர். சாண்ட்போர்டு பிளெமிங் என்பது அவர் பெயர்.

ஒரு நாளைக்கு 24 மணி நேரம் இருக்கும்போது, கடிகாரம் ஏன் 12 வரை எண்ணிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்? பிளெமிங்குக்கு எழுந்த முதல் கேள்வி இதுதான். அதிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. ஊருக்கு ஒரு நேரம் எதற்கு?

ஊர்ப்படமும் அவரே, தபால்தலையும் அவரே

பிளெமிங் பிறந்தது ஸ்காட்லாந்தில். கிர்கால்டி என்ற ஊரில், 1827-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே நில அளவை வேலை கற்றுக்கொண்டார். பிழைப்புக்கு வழி தேடி, 18-வது வயதில் அண்ணனுடன் கப்பல் ஏறினார். கானடா சென்றார்.

போன இடத்தில் உடனே வேலை கிடைத்துவிடவில்லை. சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியாது. ஊர் ஊராக அளந்து, ஊர்ப்படம் வரைந்து, தாமே அச்சிட்டு விற்றார்.

1849-ல் டொராண்டோ நகரில் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆட்கள் வருவது குறைவு. ஒரு நாள் கூட்டத்துக்கு இரண்டே பேர்தான் வந்தார்கள். ஒருவர் பிளெமிங். இன்னொருவர் அவருடைய நண்பர். இருவரும் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. ஒருவர் தலைமை வகிக்க, மற்றவர் தீர்மானம் கொண்டுவர, கூட்டத்தை ஒழுங்காக நடத்தி முடித்தார்கள்! அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

1851-ல் கானடாவின் முதல் தபால்தலை வெளிவந்தது. அதில் பீவர் என்ற பிராணியின் படம் இருக்கும். மரத்தைக் கடித்துத் தள்ளி, ஓடையில் அணை கட்டும் உழைப்பாளிப் பிராணி அது. அந்தத் தபால்தலையை வரைந்தவரும் பிளெமிங்தான்.

பிறகு ரெயில்வே வேலை வந்தது. கானடாவின் கிழக்குப் பகுதி மாகாணங்களை இணைக்கும் ரெயில் பாதையைப் போட்டார். பாலங்களை மரத்தில் கட்டினால் செலவு குறையும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மரம் தீப்பிடிக்கும், இரும்புதான் வேண்டும் என்று பிளெமிங் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவர் சொன்னபடியே நடந்தது. அந்தப் பாதை முடிந்த வருஷம்தான் அயர்லாந்தில் ரெயிலைத் தவறவிட்டார்.

ஊருக்கு ஒரு மணி

அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரும் சூரியனைப் பார்த்துத்தான் கடிகாரம் வைத்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊரில் பகல் 12 மணி. ஆனால் சூரியன் எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் உச்சிக்கு வருவதில்லை. கிழக்கே உள்ள ஊருக்கு முந்தி வரும். மேற்கே உள்ள ஊருக்குப் பிந்தி வரும். பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு சுற்று 360 பாகை. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பாகைக்கு 4 நிமிடம்.

டொராண்டோவில் பகல் 12 மணி அடிக்கும்போது, கிழக்கே மான்ட்ரீல் நகரில் 12 மணி 23 நிமிடம் ஆகியிருக்கும். நம் நாட்டிலும் இதே கதைதான். பம்பாயில் 12 மணி என்றால் சென்னையில் 12.30.

மாட்டு வண்டியில் போகிறவனுக்கு இதனால் நஷ்டம் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வான். ரெயில் வந்தபிறகு அது முடியவில்லை. ஒவ்வொரு ரெயில்வே கம்பெனியும் தன் தலைமை அலுவலகம் உள்ள ஊரின் நேரத்தை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் 50 விதமான ரெயில்வே நேரங்கள் இருந்தன! பபலோ நகர் ரெயில் நிலையத்தில் மூன்று கடிகாரங்கள் மாட்டியிருந்தார்கள். மூன்றும் மூன்று மணி காட்டின. பிரயாணியின் சட்டைப் பையில் இருந்ததோ நாலாவது மணி.

பிளெமிங் ஒரு திட்டம் போட்டார். உலகத்தை ஆரஞ்சுப் பழச் சுளைகள் போல 24 பாகமாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு சுளைக்கும் 15 பாகை அகலம். ஒரு சுளைக்குள் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரம். அடுத்த சுளைக்குப் போனால் சரியாக ஒரு மணி நேரம் வித்தியாசம். நிமிடக் கணக்கு குழப்பம் கிடையாது.

இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. உலகம் முழுவதுக்கும் பொதுவாக ஒரே ஒரு கடிகாரம் வேண்டும் என்றார். அதில் 24 மணி இருக்கும். காலை, மாலை என்ற பேச்சே இருக்காது. சென்னையில் தந்தி கொடுத்தாலும் லண்டனில் தந்தி கொடுத்தாலும் அந்தப் பொது நேரத்தையே குறிக்கவேண்டும். அவருடைய மனம் முழுவதும் இந்த இரண்டாவது யோசனையில்தான் இருந்தது. இரண்டு நேரத்தையும் காட்டும்படி ஒரு பைக்கடிகாரம்கூட லண்டனில் செய்யச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

பெரியவர்கள் சிரித்தார்கள்

1878, 1879-ம் ஆண்டுகளில் இந்த யோசனையை எழுதி, தாம் தொடங்கிய சங்கத்தில் படித்தார். கானடா கவர்னர் ஜெனரல் அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து பல நாடுகளுக்கும் போயிற்று. விஞ்ஞானிகளிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இங்கிலாந்தின் ராஜாங்க வானநூல் அறிஞர் ஏரி, இது வேண்டாத வேலை என்ற தோரணையில் பதில் அனுப்பினார். ஸ்காட்லாந்தின் வானநூல் அறிஞர் பியாசி ஸ்மித் கடுமையாகத் தாக்கி எழுதினார். உலகத்தின் நேரக்கோடு எகிப்து நாட்டுப் பிரமிடு வழியாகப் போகவேண்டும் என்பது அவருடைய கட்சி! ரஷ்ய நாட்டு அறிஞர் ஸ்துரூவே பிளெமிங்கை ஆதரித்தார்.

1880-ல் இன்னோர் இடி விழுந்தது. கானடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை போகும் பசிபிக் ரெயில் பாதைக்கு அவர்தான் தலைமை என்ஜினீயர். ஒன்பது வருஷம் காடும் மலையும் அளந்தவர். வேலை தாமதம், செலவு அதிகம் என்று பார்லிமெண்டில் கூச்சல் எழுந்தது. பதவியை விட்டு இறங்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 53.

மனிதர் மூலையில் உட்காரவில்லை. இனிமேல் நேரம் இருக்கிறது என்று நேரத்தின் பின்னாலேயே அலையத் தொடங்கினார். 1881-ல் வெனிஸ் நகரில் பூகோள அறிஞர்கள் கூடினார்கள். அங்கே போய்ப் பேசினார். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதலில் வழிக்கு வந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, ரெயில்வே முதலாளிகள். 1883-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவிலும் கானடாவிலும் ரெயில்வேக்கள் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றின. அன்றைக்குப் பல ஊர்களில் இரண்டு தடவை 12 மணி அடித்தது. ஊர் நேரப்படி ஒரு தடவை. புது நேரப்படி ஒரு தடவை.

இதில் முழுப் பெருமையும் பிளெமிங்குக்கே என்று சொல்வது நியாயம் ஆகாது. ரெயில்வேக்களைச் சம்மதிக்கவைத்து வேலையை முடித்தவர் வில்லியம் ஆலன். அவருக்கும் முன்னால், ரெயிலுக்கு மண்டல நேரம் வேண்டும் என்று திட்டம் போட்டவர் சார்லஸ் டவுட் என்ற அமெரிக்கப் பள்ளிக்கூடத் தலைவர். பாவம், அந்த டவுட் 1904-ல் ரெயில்வே கேட்டைக் கடக்கும்போது ரெயில் மோதி இறந்துபோனார்.

வாஷிங்டன் மகாநாடு

1884 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் 25 நாடுகள் கூடின. உலகத்துக்கு ஒரு பொதுக் கோடு வேண்டும். கணக்கு அங்கிருந்து தொடங்கவேண்டும். அந்தக் கோடு எங்கே? இதுதான் கேள்வி. பிரிட்டன் சார்பில் வந்த பிரதிநிதிகளில் பிளெமிங்கும் ஒருவர்.

லண்டனில் உள்ள கிரீன்விச் வேண்டும் என்றது பிரிட்டன். எந்தப் பெரிய நாட்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கவேண்டும் என்றது பிரான்சு. பிளெமிங் எழுந்தார். கிரீன்விச்சுக்கு நேர் எதிரே, உலகத்தின் மறுபக்கத்தில், பசிபிக் கடலில் கோட்டை வைத்துக்கொள்ளலாம் என்றார். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. கப்பல்காரர்களின் படங்களையும் மாற்றவேண்டியதில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அவருடைய சொந்தக் கட்சியான பிரிட்டிஷ் பிரதிநிதிகளே, இது எங்கள் கருத்து அல்ல என்று சபையில் சொல்லிவிட்டார்கள்!

ஓட்டு எடுத்தார்கள். கிரீன்விச்சுக்கு 22 ஓட்டு. எதிர்ப்பு ஒன்று. பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடவில்லை. உலகப் பொது நாள் என்று ஒன்று இருக்கலாம், ஆனால் அதற்காக யாரும் தங்கள் ஊர் நேரத்தை விட வேண்டாம் என்று முடித்தார்கள். 24 சுளைத் திட்டத்தை எந்த நாட்டின் மீதும் சுமத்தவில்லை.

பிறகு ஒவ்வொரு நாடாக, தன் சௌகரியம் போலச் சேர்ந்துகொண்டது. பிரான்சு 1911-ல்தான் வந்தது. அப்போதும் கிரீன்விச் என்ற பெயரைச் சட்டத்தில் எழுத மனம் வரவில்லை. பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்த நேரம் என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான்!

இந்தியாவில் ரெயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரம் இந்திய நேரம் ஆயிற்று. சென்னைக் கடிகாரங்களை 9 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். கல்கத்தா தன் ஊர் நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை விடவில்லை. அந்த அரை மணியும் பிளெமிங் கணக்கில் இல்லாதது.

கடைசிக் காலம்

1885 நவம்பர் 7-ந் தேதி பசிபிக் ரெயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். அப்போது எடுத்த படம் கானடாவில் எல்லோருக்கும் தெரிந்த படம். ஆணி அடிப்பவருக்குப் பின்னால், உயரமான தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக நிற்பவர் பிளெமிங். பதவி போனாலும் படத்தில் இடம் போகவில்லை.

1897-ல் சர் பட்டம் கிடைத்தது. பசிபிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடவேண்டும் என்று பல வருஷம் வாதாடினார். 1902-ல் அதுவும் நடந்தது. 1915 ஜூலை 22-ந் தேதி ஹாலிபாக்ஸ் நகரில், தமது 88-வது வயதில் காலமானார். உலகத்துக்கு ஒரே கடிகாரம் என்ற அவருடைய ஆசை அப்போது நிறைவேறி இருக்கவில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் செல்போனுக்குள் அந்தக் கடிகாரம் ஓடுகிறது. கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த எண் ஒன்றேதான். அதில் காலையும் இல்லை; மாலையும் இல்லை. கண்ணாடியில் காட்டும்போதுதான் அது ஊர் நேரமாக மாறுகிறது.

அந்த மாற்றல் வேலைதான் தொல்லை பிடித்தது. கம்ப்யூட்டருக்கு வேலை எழுதிக் கொடுப்பவர்கள் தேதி, நேரக் கணக்கை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதுவதில்லை. முன்பே எழுதிவைத்த தொகுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அதை லைப்ரரி என்கிறார்கள். எந்த நாடு எந்த வருஷம் கடிகாரத்தை மாற்றியது என்ற நீளமான பட்டியலை அது பார்க்கிறது. நேபாளம் நமக்குக் கால் மணி முந்தி. இலங்கை 1996-ல் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நேரத்தை மாற்றியது. 2006-ல் மறுபடியும் ஐந்தரைக்கே திரும்பிவிட்டது. கொழும்பில் 2000-ம் ஆண்டு பிறந்த குழந்தையின் பிறந்த நேரத்தை ஐந்தரை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அரை மணி தவறும். அதனால் அந்தப் பட்டியலை இன்றும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பண்டோரன் ஊருக்கு இப்போது ரெயில் கிடையாது. 1957-ம் ஆண்டிலேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.