குருவில்லாத் தேசத்துக்கு வந்த குருவானவர்

1656-ம் வருஷம் கொழும்பும், 1658-ம் வருஷம் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைவசமாயின. போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கக் குருக்களும் இலங்கையின் கரைநாடுகளை விட்டு அகற்றப்பட்டார்கள். கோவில்கள் கல்வீன் சபையார் கைக்குப் போயின. குருவானவர் ஒருவரை வீட்டில் ஒளித்து வைப்பவன் உயிரையே இழக்க நேரிடும் என்று சட்டமும் பிறந்தது. ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கே பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதலுமில்லை.

பிரியமான விசுவாசிகளே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த முப்பது வருஷத்தில் பிறந்து, வளர்ந்து, பிள்ளை குட்டி பெற்றவர்கள் ஒரு குருவானவரைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன வீடுகள் அங்கே இருந்தன. இரண்டாம் மணி அடித்த பிறகே கோவிலுக்குப் புறப்படுகிற நமக்கு இது எளிதில் விளங்காது.

இவர்கள் நிலைமையைக் கேள்வியுற்று உள்ளம் உருகியவர் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள். அவர் 1651-ல் பெனவுலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676-ல் குருப்பட்டம் பெற்றவர். குருவென்று தெரிந்தால் இலங்கைக் கரையில் இறங்கவும் விடமாட்டார்கள். ஆகவே அங்கியைக் களைந்து, அரையில் துண்டு உடுத்திய கூலியாளாக, யோவான் என்னும் உண்மையுள்ள ஊழியனோடு தூத்துக்குடியில் கப்பலேறினார். 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பினால் நடக்கவும் மாட்டாதிருந்தார். ஒரு பெண்மணி இரங்கிக் கொடுத்துவந்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள்.

தேறியதும் கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். பசி மட்டுமே அதற்குக் காரணமல்ல. அந்தச் செபமாலையை யார் ஆசையோடு நோக்குகிறார்கள் என்று கவனித்தார்! இப்படித்தான் மறைந்திருந்த கிறிஸ்தவர்களை ஒருவர் ஒருவராய்க் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலைக் கிராமத்தார் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். இரவில் பூசை, பகலில் ஒளிவு.

1689-ம் வருஷம் கிறிஸ்து பிறந்த திருநாள் இரவு, பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர்விட்டார். வேறு சிலர் கடின வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். வாஸ் அடிகள் மட்டும் அகப்படவில்லை. தப்பியவருக்கு அது ஆறுதலாயிருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தன்னைத் தேடிவந்தவர்கள் தனக்குப் பதிலாக அடிபட்டார்கள் என்பது எந்தக் குருவானவருக்கும் எளிதில் சுமக்கக்கூடிய பாரமா?

அங்கிருந்து புத்தளம் போய், 1692-ல் கண்டி இராச்சியத்துக்குள் பிரவேசித்தார். அது ஒல்லாந்தருக்கு அடங்காத நாடு. ஆனால் கண்டியிலிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் மூட்டிவிட்டான். அடிகளும் யோவானும் காவலில் வைக்கப்பட்டார்கள். விடுதலை எப்போது, மரணமா வாழ்வா, ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் அவர் சிங்களம் கற்றார். காவலிலேயே ஒரு குடிசை கட்டிப் பீடம் அமைத்தார். விசாரணைக்குக் காத்திருப்பவர் செய்கிற வேலையாக இது தோன்றவில்லை. பங்குச் சாமியார் புதுப் பங்கை ஒழுங்கு செய்வது போலல்லவா இருக்கிறது! பின்னர் கடும் வறட்சி உண்டாகி, அரசன் கேட்டுக்கொண்டபடி அவர் வெளியில் பீடம் வைத்து மன்றாடியபோது மழை பெய்தது என்றும், அதன்மேல் இராச்சியமெங்கும் போதிக்க உத்தரவு கிடைத்தது என்றும் சரித்திரம் கூறுகிறது.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவிற்று. அரசன் நகரை விட்டு நீங்கினான், வசதியுள்ளவர்களும் ஓடினார்கள். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த கர்வாலோ அடிகளோடு வாஸ் அடிகள் நகரிலேயே தங்கினார். கைவிடப்பட்டவர்களைக் குடிசைகளிலும் வெறுமையான வீடுகளிலும் சேர்த்து, புண்ணைக் கழுவி, உணவு ஊட்டி, இறந்தவர்களை அடக்கஞ் செய்தார்கள். கிறிஸ்தவர், புத்தர் என்று பேதம் பார்க்கவில்லை. அரசன் திரும்பிவந்து இதைக் கேள்விப்பட்டபின் அடிகள்பேரில் அவனுக்கிருந்த மதிப்பு மேலும் பெருகிற்று.

கோவாவிலிருந்து இன்னும் குருக்கள் வந்தார்கள். 1705-ல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்கள் இயற்றினார். வாஸ் அடிகளோ ஒருநாளும் ஊர் திரும்பவில்லை. 1711-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கண்டியிலே மரித்தார். அவர் இருந்தவரையில் கரைநாடுகளில் ஒல்லாந்தர் சட்டம் மாறவேயில்லை. 2015-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி கொழும்பு நகரின் காலி முகத்திடலில், திரளான ஜனங்கள் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார். அவருடைய திருநாள் ஜனவரி 16.