பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க வைத்தவர்

துன் வீ.தி.சம்பந்தன் என்றதும் ம.இ.கா. தலைவர், அமைச்சர், சுதந்திர ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் என்பவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தோட்டத்து வீடுகளில் பெரியவர்கள் அவரை நினைப்பது வேறொரு காரணத்துக்காக. மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் சொன்னவர் அவர்.

பேராக், சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16ஆம் தேதி பிறந்தார் சம்பந்தன். தந்தை வீரசாமி ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்தவர். கோலகங்சாரில் பள்ளிப் படிப்பை முடித்து, தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். பால்மரம் வெட்டியவருக்கு வேலை போனது. லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால், வேலையோடு வீடும் போனது. தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின.

விற்பனையைத் தடுக்க முடியாவிட்டால் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று யோசித்தார் சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

இன்று பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அன்று நாள் சம்பளமே சில வெள்ளிதான். மளிகைக் கடைக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கூட்டுப் பணம், சிலருக்குக் கள்ளுக்கடைக் கணக்கு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். போட்ட பணம் திரும்புமா என்ற பயமும் இருந்தது. அதனால் அவரே தோட்டம் தோட்டமாகப் போய் மக்களிடம் விளக்கினார். நம்பியவர்கள் சேர்ந்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது. அடுத்தடுத்து மற்ற தோட்டங்களும் வந்தன.

தனியாக ஒருவர் நூறு வெள்ளி வைத்திருந்தால் ஒரு தோட்டத்தை வாங்கியிருக்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் போட்டதால் தோட்டமே வாங்க முடிந்தது. சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்தும் பழக்கத்தையும் அந்த மாதத் தவணை கற்றுக்கொடுத்தது.

வசதியான வீட்டில் பிறந்து அரசியலுக்கு வந்த துன் சம்பந்தன், 1979 மே 18ஆம் தேதி காலமானார். பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சங்கமும் இன்றுவரை இயங்குகிறது.

தாத்தா பாட்டியின் பழைய தகரப் பெட்டி வீட்டில் இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். மடித்து வைத்த பங்குப் பத்திரம் ஒன்று அதில் இருக்கலாம். இருந்தால் சங்கத்தில் விசாரித்து, வாரிசுப் பெயரைச் சரி செய்துகொள்ளுங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர்கள் சேர்த்த காசு அது.