கந்தகோட்டத்துப் பிள்ளையும் கையாந்தகரையும்



முதல்ல ஒரு மன்னிப்பு. போன மாசம் வள்ளலார் சொன்ன மஞ்சள் கரிசாலைன்னு நம்ம குரூப்ல ஒரு படம் போட்டேன். நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. திருவொற்றியூர்ல முப்பது வருஷம் கீரை வித்த எங்க அத்தை போனை வாங்கிப் பார்த்துட்டு, இது ரோட்டு நடுவுல அழகுக்கு வைக்கிற கொடிடா, இதைப் போய் யாருக்குடா குடிக்கச் சொன்னேன்னு திட்டினாங்க. அதுக்குள்ள ஒரு தம்பி அப்பாவுக்கு அரைச்சுக் கொடுக்கலாமான்னு கேட்டிருந்தார். உடனே போன் போட்டேன். நல்லவேளை, பறிக்கலை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. வள்ளல் பெருமான் பேரைச் சொல்லித்தானே அந்தப் படத்தை அனுப்பினேன்? அதனால அவர் கதையையே இன்னிக்கு எழுதறேன்.

1823 அக்டோபர் 5, சிதம்பரம் பக்கத்துல மருதூர். ராமையாவுக்கும் சின்னம்மைக்கும் அஞ்சாவது பிள்ளை ராமலிங்கம். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா போயிட்டார். குடும்பம் பொன்னேரி வழியா சென்னை ஏழுகிணறுக்கு வந்தது. அண்ணன் சபாபதி புராணம் சொல்லித்தான் குடும்பத்தைக் காப்பாத்தினார். தம்பி படிக்கணும்னு காஞ்சிபுரம் சபாபதி முதலியார்கிட்ட அனுப்பினா, பிள்ளை கந்தகோட்டத்துல போய் நின்னு முருகனைப் பாடிட்டு இருந்தாராம். அதைக் கேட்ட வாத்தியார், இவனுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்லைன்னு ஒதுங்கிட்டதா சொல்வாங்க. வீட்டு மாடி அறையில கண்ணாடி வெச்சு தியானம் பண்ணினப்போ தணிகை முருகன் அதுல தெரிஞ்சார்னும் சொல்வாங்க. கந்தகோட்டத்து முருகன் மேல பாடினதுதான் தெய்வமணிமாலை.

அப்புறம்தான் நம்ம ஏரியா. ஏழுகிணறுலேர்ந்து ராயபுரம் பக்கமா திருவொற்றியூருக்கு நடை. இன்னிக்குக் கணக்குக்கு சுமார் 8 கிலோமீட்டர். இருபது வருஷத்துக்கு மேல நடந்தார். அப்போ ஹார்பர் கிடையாது, கன்டெய்னர் லாரி கிடையாது. ராயபுரம் ஸ்டேஷனே 1856-லதான் திறந்தாங்க. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தோப்பும் ஈரமண்ணும். ஈரமண் இருந்தா கரிசாலை தானா முளைக்கும். அவர் கண்ணுல படாம இருந்திருக்குமா? இது என் கற்பனைதான், ஆனா அந்த வழியில நடந்தா அப்படித்தான் தோணுது.

கோயில்ல தல மரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது அதன் அடியிலதான். இதே மரம் மலையாளத்துல இலஞ்ஞி, தெலுங்குல பொகட, இந்தியில மௌல்சிரி, வங்காளத்துல பகுல்.

ஒரு ராத்திரி கோயில்லேர்ந்து லேட்டா வந்து, கதவைத் தட்ட மனசில்லாம திண்ணையிலயே பசியோட படுத்தாராம். வடிவுடையம்மனே அண்ணி உருவத்துல வந்து சோறு போட்டதா கதை. அந்தப் பசியை அவர் மறக்கலைன்னு நினைக்கிறேன். 1858-ல சென்னையை விட்டுக் கிளம்பினார். கருங்குழியில தங்கினார். 1867 மே 23-ல வடலூர்ல தருமச்சாலை தொடங்கினார். அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலை. 1872-ல ஞானசபை. கந்தகோட்டத்துல தொடங்கின பக்தி ஜோதியில போய் நின்னுச்சு. 1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பத்துல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டவர் திரும்ப வெளியே வரலை.

பசிக்குச் சோறு போட்டவர் உடம்பையும் விடலை. நூற்றுக்கணக்கான மூலிகைகளுக்குக் குணம் எழுதி வெச்சார். தினசரிக்கு அவர் சொன்னது நாலுதான்: கரிசாலை ஒரு பங்குன்னா, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் மூணும் கால் கால் பங்கு.

பேர்லதான் சிக்கலே. கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை எல்லாம் ஒண்ணுதான். மலையாளத்துல கையுண்ணி, அவங்க தசபுஷ்பத்துல அதுவும் ஒண்ணு. தெலுங்குல குண்டகலகர, இந்தியில பாங்ரா. பூ வெள்ளை. மஞ்சள் பூ பூக்கிறது வேற செடி, பொற்றலைக் கையாந்தகரை. அதோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறதுதான் நான் படம் போட்ட அழகுக்கொடி. அழகுக்கொடி இலை பளபளன்னு, மூணா பிரிஞ்ச மாதிரி இருக்கும். பொற்றலை இலை நீட்டமா, பெரும்பாலும் பிரியாம இருக்கும். வெள்ளைப் பூ கரிசாலையைக் கசக்கினா கை கறுத்துடும்.

முசுமுசுக்கை, தொட்டா சொரசொரன்னு இருக்கும் கொடி. 1753-ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் அதுக்கு லத்தீன்ல பேர் வெச்சப்போ மதராசபட்டினத்தையே பேர்ல சேர்த்துட்டார்: குகுமிஸ் மதராஸ்படானஸ். நம்ம ஊர் பேரைச் சுமந்துட்டு வேலியில கிடக்குது, நமக்குத்தான் அடையாளம் தெரியலை!

இன்னொண்ணு. எண்ணூர், மணலி பக்கம் சாக்கடை ஓரத்துல, கம்பெனி சுவர் ஓரத்துல முளைச்சதை அத்தை தொடவே மாட்டாங்க. அந்த மண்ணுல என்ன இறங்கியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? மஞ்சக்காமாலைன்னா முதல்ல டாக்டர், அப்புறம்தான் கீரை. அந்தத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

இப்போ எங்க மொட்டை மாடியில ரெண்டு தொட்டி. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல பொற்றலை. அத்தை வெச்சுக் கொடுத்தது. கீழே இருக்கிற படத்துல கறுத்துப் போன விரல் என்னோடதுதான். பழைய படம் உங்க போன்ல இருந்தா தயவுசெஞ்சு அழிச்சுடுங்க. யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கும் இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.