ஆக்ஸ்போர்டு ஆந்தணி வுட்

இங்கிலாந்து தேயத்து ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை எண்ணூறு யாண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது என்பதை நம்முட் பலர் அறிவர். அப்பழமையை ஏடுகளினின்றும் எடுத்து உலகிற்குக் காட்டியவரோ, அங்கே ஓர் ஆசிரியப் பதவியும் பெறாது, தம் வீட்டு மேன்மாடத்துச் சிற்றறையில் இருந்து உழைத்த ஒரு தனி மனிதர். அவரே ஆந்தணி வுட் என்பார்.

இவர் 1632-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆந் தேதி, மெர்ட்டன் கல்லூரிக்கு எதிர்வீட்டிற் பிறந்தார். இவர்க்குப் பத்து வயது நிரம்புமுன் அரசனுக்கும் பாராளுமன்றத்திற்கும் போர் மூண்டது. அரசன் சார்லஸ் 1642 முதல் 1646 வரை ஆக்ஸ்போர்டு நகரையே பாசறையாகக் கொண்டான். மாணாக்கர் ஏட்டை வைத்துப் படைக்கலம் எடுத்தனர். இவர் பயின்ற பள்ளியை அடுத்த மண்டபம் போர்க்கருவிகள் வைக்கும் கொட்டிலாயிற்று. 1643-இல் தந்தையையும் இழந்தார். கற்றோர் பன்னூறு யாண்டு தேடி வைத்தவை சில திங்களிற் சிதறும் என்பதை இளமையிலேயே கண்ணாரக் கண்டவர் இவர். பின்னர் மெர்ட்டன் கல்லூரியிற் பயின்று, 1652-இல் பி.ஏ. பட்டமும் 1655-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

1656-இல் டக்டேல் என்பார் இயற்றிய வார்விக் நாட்டுப் பழஞ்சரிதம் இவர் கைக்கு எட்டியது. அதனைப் படித்தபின் வேறெதிலும் இவர் மனம் செல்லவில்லை. பிடில் வாசிப்பும் கோயில் மணியடித்தலுமே இவர்க்கிருந்த பொழுதுபோக்கு. கோயில் கோயிலாகச் சென்று கல்லறை எழுத்துக்களைப் பார்த்தெழுதினார். 1660-இல் சர்வகலாசாலையின் ஆவணக் காப்பாளராயிருந்த கணித வல்லுநர் ஜான் வாலிஸ், ஆவணங்கள் இருந்த கோபுர அறையின் திறவுகோலை இவரிடம் ஒப்புவித்தார். அரசர் அளித்த சாசனங்களும், நிலப் பத்திரங்களும், சபைத் தீர்மான ஏடுகளும் அங்கே குவிந்து கிடந்தன. அக்கோபுரமே இவர்க்குப் பெருஞ்செல்வமாயிற்று.

ஈண்டு ஒன்றை மறையாது சொல்லல் வேண்டும். அவ்வறையின் முதற் காப்பாளர் பிரையன் ட்வைன் என்பவர். 1634-இல் அப்பதவி ஏற்று 1644-இல் மறைந்தவர். பழைய பத்திரங்களைத் துருவித் துருவிப் படியெடுத்து, பல தொகுதிகளாக அவர் விட்டுச் சென்றிருந்தார். வுட் எழுதிய சரித்திரத்திற்கு அடிப்படை பெரும்பாலும் அத்தொகுதிகளே. எனினும், முன்னோர்க்குரிய புகழை வுட் போதிய அளவு வழங்கினாரல்லர். இது அவர்க்கு ஒரு குறையே.

தமக்கென அவர் சேர்த்தவை இன்னும் வியப்புடையன. ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் வாங்கி, இடையிடையே வெற்றுத் தாள் செருகி, அன்றன்று நிகழ்ந்ததையும் செலவிட்ட காசையும் குறித்து வந்தார். தெருப்பாட்டு, துண்டுப் பிரசுரம், விளம்பரத் தாள் எல்லாம் அவர்க்குப் பொருளே. 1650-இல் யாக்கோபு என்னும் யூதர் ஒருவர் ஆக்ஸ்போர்டிற் காப்பிக் கடை திறந்த செய்தியை இவர் குறிப்பாலன்றோ இன்று நாம் அறிகின்றோம்! நம் இல்லங்களிற் பரண்மேற் கிடக்கும் கலியாணக் கணக்கையும் பழம் பஞ்சாங்கத்தையும் போகிப் பண்டிகையன்று நெருப்பிலிடும் நம்மவர்க்கு இச்செய்தி சற்றே உறுத்தும்.

கிறைஸ்ட் சர்ச் தலைவர் ஜான் பெல் 1669-இல் இவர் நூலை அச்சிட முன்வந்து, கையெழுத்துப் பிரதிக்கு 100 பவுன் கொடுப்பித்தார். ஆனால் நூல் லத்தீனில் வரவேண்டுமென மொழிபெயர்ப்பித்து, தம் விருப்பம்போற் கூட்டியும் குறைத்தும் 1674-இல் வெளியிட்டார். ஹாப்ஸ் என்னும் தத்துவ ஞானியைப் பற்றி வுட் நல்லதாக எழுதியிருந்ததை பெல் மாற்றிவிட்டார். ஹாப்ஸ் அதனைக் கண்டித்து அச்சிட, பெல் அந்நூலின் இறுதியிலேயே வசைமொழி சேர்த்தார். தம் நூலைத் தாமே தம்முடையதென்று சொல்ல இயலாத நிலை வுட்டுக்கு.

அடுத்து, 1500 முதல் ஆக்ஸ்போர்டிற் பயின்ற நூலாசிரியர், மேற்றிராணியார் ஆகியோர் வரலாற்றை 1691, 1692-ஆம் ஆண்டுகளில் இரு பெருந் தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். இதற்குச் செய்தி உதவியவருள் ஜான் ஆப்ரி தலையாயவர். அவர் நம்பிக் கொடுத்த ஏட்டினின்றும் நாற்பது பக்கம் வரை வுட் வெட்டியெடுத்துவிட்டாரென ஆப்ரி மனம் நொந்தார். ஆப்ரி சொன்ன செய்தி ஒன்றே வுட்டுக்கும் வினையாயிற்று. முதலாம் கிளாரண்டன் பிரபு பதவிகளைக் காசுக்கு விற்றார் என்னுங் குறிப்பு நூலில் ஏறிவிட்டது. பிரபு இறந்து பதினெட்டு ஆண்டு கழிந்தும், மைந்தர் வழக்குத் தொடுத்தார். 1693 ஜூலையில் சர்வகலாசாலை நீதிமன்றம் வுட்டைக் குற்றவாளி எனத் தீர்த்து, சர்வகலாசாலையினின்றும் விலக்கி, குற்றமுடைய பக்கங்களைத் தீயிலிடச் செய்தது. அவர் செலுத்திய தொகையைக் கொண்டே ஆக்ஸ்போர்டு மூலிகைத் தோட்ட வாயிலில் இரு சார்லஸ் அரசர்களின் சிலைகள் நிறுவப்பெற்றன என்பர். எந்தச் சர்வகலாசாலைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தாரோ, அதுவே அவரை வெளியேற்றியது! செவிப்புலனும் அவரை முன்னமே கைவிட்டிருந்தது.

1695-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், பிறந்த வீட்டிலேயே வுட் காலமானார்; மெர்ட்டன் கல்லூரிக் கோயிலில் அடக்கஞ் செய்யப்பெற்றார். மரணப் படுக்கையில் சில காகிதங்களைக் கொளுத்திவிடுமாறு சொல்லி, எஞ்சிய ஏடுகளையும் நூல்களையும் ஆஷ்மோலியன் காட்சிச் சாலைக்கு உரிமையாக்கினார். தம்மை விலக்கிய சர்வகலாசாலைக்குச் சொந்தமான சாலையே அது. 1860-இல் அவை பாட்லி நூல்நிலையம் புக்கன. பெல் திருத்திய சரித்திரத்தின் ஆங்கில மூலத்தை ஜான் கச் என்பார் 1786 முதற் பகுதி பகுதியாக அச்சேற்றினார். பஞ்சாங்கக் குறிப்புக்களை ஆண்ட்ரு கிளார்க் 1891 முதல் 1900 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். வாலிஸ் கொடுத்த திறவுகோல் திறந்த அக்கோபுரத்திலேதான் சர்வகலாசாலையின் ஆவணங்கள் இன்றும் உள்ளன.