பனிமலை ஏறிய வைத்தியர் ஸாமர்வெல்

இங்கிலாந்தின் வடமேற்கே கெண்டல் என்னும் சிற்றூர் ஒன்று உளது. 1842-ஆம் ஆண்டில் அங்கே தோல் வணிகம் தொடங்கிய ஸாமர்வெல் குடும்பத்தார், பின்னர்ப் பாதரட்சை செய்வதிற் பெரும்பெயர் பெற்றனர். அக்குடும்பத்தில் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்தவரே தியோடர் ஹவர்ட் ஸாமர்வெல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பதனிட்ட தோலின் மணத்தோடு வளர்ந்த நம் மாணவர்க்கு இவர் முற்றும் அயலாரல்லர்.

கேம்பிரிட்ஜிற் பயின்று இரணசிகிச்சையில் வல்லுநரான இவர், 1916-இல் ஸோம் போர்க்களத்தில் எண்ணிறந்த வீரர்க்குப் பணிசெய்து, யுத்தமென்பதையே வெறுத்தார். அமைதியை மலைகளில் தேடினார். 1922-இல் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுவிற் சேர்ந்து, மே 21-ஆம் நாள் மாலரி, நார்ட்டன் என்போருடன் பிராணவாயுக் கலத்தின் துணையின்றி ஏறக்குறைய 27,000 அடி ஏறினார். அதுகாறும் மனிதர் எவரும் எட்டாத உயரம் அது. உடன் சென்ற மோர்ஸ்ஹெட் பனிக்கடிக்கு இரையாகி விரல்நுனிகளை இழந்தார்.

பனியிடத்திற் குளிரினுங் கொடிய பகை ஈரமே. உலர்ந்த கம்பளி தன்னுள் அடைபட்ட காற்றால் உடற்சூட்டைக் காக்கும். நனைந்ததோ அச்சூட்டைக் கவர்ந்துவிடும். ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று; ஏறுவோனது வியர்வையே அவனை உள்ளிருந்து நனைக்கும். நனைந்த ஜோடு இரவிற் கல்லாய் உறையும். அடியில் அறைந்த ஆணிகள் வழியே குளிர் உள்ளங்காலுக்கு ஏறும். இறுக்கமான ஜோடாயின், இரத்தம் ஓடாது விரல்கள் கருகும். தோற்சாலையைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்வோர் இவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக! 1924-இல் நார்ட்டன் அணிந்தவை வருமாறு: கம்பளி உள்ளாடை, பிளானல் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், காற்றுப் புகாத காபர்டைன் உடுப்பு, காலிற் கம்பளிப்பட்டை, அழுத்திய கம்பளியாற் செய்து தோலடி வைத்த ஜோட்டில் ஆணிகள் சிலவே.

நிற்க. 1922 ஜூன் 7-ஆம் நாள் மாலரியும் ஸாமர்வெலும் மற்றொருவரும் கூலியாட்களுடன் மீண்டும் ஏறுகையிற் பனிச்சரிவு வீழ்ந்து எழுவரை மாய்த்தது. மாண்டோர் அனைவரும் சுமைதூக்கியோரே. தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாளவில்லையே என்பது ஸாமர்வெலின் நெஞ்சை வாட்டியது. அவ்வாட்டம் ஆறாத நிலையில் தென்னாடு சுற்றிவந்தவர், அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூருக்குச் சென்றார். ஆங்கு மிஷன் வைத்தியசாலையில் திரண்டிருந்த நோயாளரையும், தனித்து உழைத்த ஒரே வைத்தியரையும் கண்டார். லண்டனிற் காத்திருந்த பெரும்பதவியைத் துறந்தார்.

1924-இற் பிரான்ஸின் ஷாமோனியில் நடந்த முதற் குளிர்கால ஒலிம்பிக்கில், 1922-ஆம் ஆண்டுக் குழுவினர்க்கு மலையேற்றப் பதக்கம் அளிக்கப்பட்டது. மாண்ட எழுவரும் அதிற் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டே மறுபடியும் எவரெஸ்டு சென்ற ஸாமர்வெல், பனியிற் சிக்கிய நான்கு கூலியாட்களை மீட்கச் சென்றார். கயிறு எட்டவில்லை, இருவர் சறுக்கினர். தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து நீட்டி, கையால் எட்டிப் பிடித்து இழுத்தார். நால்வரும் பிழைத்தனர். இச்செயலையே யான் சிகரத்தினும் உயர்ந்ததென்பேன்.

ஜூன் 4-ஆம் நாள் ஏறக்குறைய 28,000 அடியில் அவர் நின்றுவிட, நார்ட்டன் தனித்து 28,126 அடி எட்டித் திரும்பினார். உடுப்பும் ஜோடும் உடலைக் காத்தன. தொண்டையைக் காப்பார் இல்லை. வறண்ட குளிர்காற்றை ஓயாது இழுத்திழுத்து அதன் உட்சவ்வு பனிக்கடியுற்றிருந்தது. இறங்குகையில் அது கழன்று மூச்சை அடைத்தது. முன்சென்ற நார்ட்டனைக் கூவியழைக்கவும் குரல் எழவில்லை. பனியில் அமர்ந்து மரணத்தை எதிர்நோக்கினார். இறுதியாக இருகையாலும் மார்பை அழுத்தவே, அடைப்பு இரத்தத்தோடு வெளிப்பட்டது, உயிர் மீண்டது.

பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் குடற்புண் முதலியவற்றிற்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1949 முதல் 1961 வரை நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அக்கலையைக் கற்பித்தார். 1975 ஜனவரி 23-இல் இங்கிலாந்தில் மறைந்தார். 1924-இல் மாலரி இறுதியாக ஏறியபோது கொண்டுசென்ற புகைப்படக்கருவி ஸாமர்வெல் இரவல் தந்ததே. 1999-இல் மாலரியின் உடல் கண்டெடுக்கப்பட்டபோது அக்கருவி அங்கில்லை. 2024-இற் பனியாற்றில், மாலரியோடு சென்ற இர்வினின் ஆணியறைந்த தோற்ஜோடு ஒன்று, பெயர் தைத்த காலுறையோடு கிடைத்தது.