காபி குடிச்சா தூக்கம் வரலையா? 1819-லேயே காரணப் பொருளைப் பிடித்த ரூங்கே யார்?

திண்டிவனம் தாண்டி, விழுப்புரத்தில் பஸ் நிற்கிறது. இரவு 11 மணி. இரண்டு பேர் இறங்கி ஆளுக்கொரு காபி குடிக்கிறார்கள். ஒருவர் சீட்டில் சாய்ந்ததும் குறட்டை விடுகிறார். இன்னொருவருக்கு திருச்சி வரை பொட்டுத் தூக்கம் இல்லை, நெஞ்சு வேற படபடக்குது. ஒரே டிகாக்‌ஷன்தானே, ஏன் இப்படி?

இதற்குக் காரணமான பொருளைக் காபிக்கொட்டையில் இருந்து பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே.

யார் இந்த ரூங்கே?

ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே பிறந்தவர். அப்பா பாதிரியார். மருந்துக்கடையில் தொழில் பழகியபோது, பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் சாறு ஒரு துளி கண்ணில் தெறித்தது. கண்ணின் பாப்பா விரிந்து, பார்வை மங்கியது. ஒரு துளிச் சாறு உடம்பை இப்படி மாற்றுமா? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

1819-ல், புகழ்பெற்ற கவிஞர் கோதே முன்னால் ஒரு பூனையின் கண்ணில் அதையே செய்து காட்டினார். வியந்துபோன கோதே, கொஞ்சம் காபிக்கொட்டையைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். சீக்கிரமே ரூங்கே கஃபைனைப் பிரித்துவிட்டார்.

பின்னாளில் நிலக்கரித் தாரில் இருந்து ஃபீனால், அனிலின் என்ற பொருட்களையும் கண்டுபிடித்தார். ஆனா வேலை பார்த்த ஆலை அதைப் பெரிசா பயன்படுத்திக்கொள்ளவில்லை. வேலையும் போய், 1867-ல் வறுமையில் இறந்தார்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில், கஃபைன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கல்லீரல்தான் உடைக்க வேண்டும். பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மரபணுவைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கொஞ்சம் குடித்தாலே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அது 'கஃபைன் சென்சிட்டிவிட்டி'.

அப்போ அலர்ஜி?

அது வேற, ரொம்ப அரிது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிறு மட்டும் உப்பினால், காரணம் பாலாகவும் இருக்கலாம்.

படபடப்பு உள்ளவர்கள் மதியத்துக்கு மேல் காபியை நிறுத்திப் பார்க்கலாம். டீ, கோலாவிலும் கஃபைன் உண்டு, மறந்துடாதீங்க. அளவைக் குறைத்தும் படபடப்பு நிற்கலைன்னா, டாக்டரைப் பாருங்கள்.